கடைசி வண்டிக்குக் கொடி

அந்த நதிப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்றைப் பார்த்து மயங்குவார்கள். சிலருக்கு அருவி, சிலருக்கு ஆற்றின் வளைவு. எந்நேரமும் சிரித்த முகத்தோடு திரிந்து ‘சிரிச்சமூஞ்சி’ என்று பட்டப்பெயர் வாங்கியிருந்தவனுக்குப் பிடித்துப்போனது, படகுத்துறையில் இருந்த சாவிப் பலகை.

படகுத்துறையில் இடம் குறைவு. காரில் வருகிறவர்கள் சாவியைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் படகேற வேண்டும். பார்க்கிங் ஆள் தேவைக்கேற்ப வண்டிகளை நகர்த்திக்கொள்வார். பத்து மணிப் படகு பன்னிரண்டுக்குத்தான் திரும்பும். பள்ளத்தாக்கு முழுக்க செல்போனில் டவரே கிடைக்காது. கார் திருட்டையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவனுக்கு இதைவிட அழகான சுற்றுலாத் தலம் எங்கே கிடைக்கும்?

அதைவிட அழகு அங்கிருந்து வெளியே போகும் சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே ஒற்றை வண்டி போகிற அகலம். பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு முனையிலும் கேட். பதினொரு மணி வரை வெளியே போகிற வண்டிகள். அதன்பிறகு இரண்டு மணி வரை உள்ளே வருகிற வண்டிகள். கடைசி ஆளாகக் கேட்டைத் தாண்டிவிட்டால், மூன்று மணி நேரத்துக்கு எவனாலும் துரத்தி வர முடியாது.

இரண்டு நாள் கேமராவும் கழுத்துமாகத் திரிந்து இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தான். மூன்றாம் நாள் பார்க்கிங் ஆள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிய நேரத்தில் பலகையிலிருந்து ஒரு சாவியை உருவினான். பளபளக்கும் வண்டிகள் நாலைந்து நின்றன. அவற்றை விட்டுவிட்டு ஒரு பழைய நீலக் காரில் ஏறினான். பழசை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவன் தொழில் அனுபவம்.

கேட்டை நெருங்கும்போது மணி பத்து ஐம்பத்தெட்டு. முன்னால் ஒரு வேன் தாண்டிப் போக, கட்டை இறங்க ஆரம்பித்தது. ஹார்னை அலறவிட்டான்.

கட்டை பாதியில் நின்றது. கேட்கீப்பர் ஆடி அசைந்து வந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். காரை முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்கதான் கடைசி வண்டி. தனியாவா போறீங்க? குடும்பம் வரலையா?"

பின்சீட்டில் ஒரு குழந்தையின் மஞ்சள் தொப்பி கிடப்பதை சிரிச்சமூஞ்சி கண்ணாடியில் கவனித்தான். அது போதும் அவனுக்கு.

"பொண்டாட்டியும் குழந்தையும் படகுல இருக்காங்க சார். குழந்தைக்குப் பால் பவுடர் தீர்ந்துபோச்சு. டவுன்ல வாங்கிட்டு மத்தியானம் வந்துடுவேன்."

"படகுலதானே? நல்லா இருக்காங்கல்ல?"

"ஜாலியா இருக்காங்க. கையாட்டி அனுப்பிட்டுத்தான் வர்றேன்."

கேட்கீப்பர் ஆற்றுப் பக்கம் திரும்பினார். தூரத்தில் வெள்ளைப் படகு ஊர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்றார். தினம் தினம் பார்க்கிற ஆற்றில் ரசிக்க இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"பழைய வண்டின்னாலும் நல்லா வெச்சிருக்கீங்க," என்றார் அவர்.

"மாமனார் வாங்கிக் குடுத்தது சார். சரியான கஞ்சன். புது வண்டி வாங்கித் தர மனசு வந்தாத்தானே!"

கேட்கீப்பருக்குப் புரையேறியது. இருமி முடித்து, "மாமனாருங்களே அப்படித்தான்," என்றார்.

பிறகு தன் அறைக்குப் போய், குச்சியில் சுற்றிய ஒரு சிவப்புக் கொடியோடு வந்தார்.

"கடைசி வண்டிக்காரர் இதைக் கீழ்க் கேட்டுல குடுக்கணும். இது வந்தாத்தான் ரோடு காலின்னு அவங்களுக்குத் தெரியும். எத்தனை வண்டி போச்சுன்னு ஒரு சீட்டும் உள்ள வெக்கணும். என் பேனா மக்கர் பண்ணுது. உங்ககிட்ட இருக்கா?"

சிரிச்சமூஞ்சி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினான். அவர் அறைச் சுவரில் சீட்டை வைத்து நிதானமாக எழுதினார். ஒரு எண்ணை எழுத இத்தனை நேரமா? மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவர் போல என்று நினைத்துக்கொண்டான்.

ஒருவழியாகச் சீட்டைக் கொடிக்குள் சுருட்டி வைத்துக் கொடுத்தார். பேனாவையும் மறக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"வளைவுல மெதுவாப் போங்க. வண்டில கீறல் விழாமப் பாத்துக்குங்க."

கட்டை உயர்ந்தது. சிரிச்சமூஞ்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசிலடித்துக்கொண்டே ஓட்டினான். மூன்று நாளில் முதல் முறையாக ஆற்றைக்கூட நிமிர்ந்து பார்த்தான். பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது. கொடியை ஆற்றில் வீசிவிடலாமா என்று ஒரு வளைவில் தோன்றியது. சேச்சே, இது போய்ச் சேர்ந்தால்தானே எதிர் வண்டிகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுவார்கள்! அவனைக் காப்பாற்றப் போவதே இந்தக் கொடிதான்.

கீழ்க் கேட்டில் கட்டை இறங்கியிருந்தது. அதற்கு அப்பால், உள்ளே வரும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கொடியைக் கண்டதும் அவற்றில் காத்திருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. போலீஸ் அவுட்போஸ்ட் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் ஒரு சிரிப்பைச் சிந்திவிட்டு, கீழ்க் கேட்கீப்பரிடம் கொடியை இரண்டு கைகளாலும் பவ்வியமாகக் கொடுத்தான்.

அவர் சீட்டைப் பிரித்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கட்டையைத் தூக்கவில்லை. போலீஸ்காரர்களைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"என்ன சார், வண்டிக் கணக்கு இடிக்குதா?" என்று கேட்டான் சிரிச்சமூஞ்சி, அதே சிரிப்போடு.

போலீஸ்காரர் ஒரு கையால் கார் சாவியை உருவிக்கொண்டு, மறு கையில் சீட்டைப் பிடித்து உரக்கப் படித்தார்:

"கொடியோடு வருபவனைப் பிடித்து வைக்கவும். இந்தக் காரை வாங்கிக் கொடுத்த கஞ்ச மாமனார் நான்தான்; இவன் என் மருமகன் இல்லை."