மூணுக்கு மேல் எத்தனை பேர்?

"இந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டது நீங்கதானே?"

தோவா புதிர்த் தாளை ஆசிரியை லுவாவின் மேசையில் வீசாத குறையாக வைத்தாள். சனிக்கிழமை விளையாட்டுக் கணக்கு வகுப்பு. எண் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"உட்காருங்கக்கா," என்றாள் லுவா.

"நான் உட்கார வரல."

போனது ஒரே ஒரு மார்க். அதில்தான் அவள் மகள் மியென், மாவட்டப் புதிர்ப் போட்டிக் குழுவில் இடத்தைக் கோட்டை விட்டிருந்தாள். சொல் தேடல், மாயச் சதுரம் எல்லாவற்றிலும் முழு மார்க் வாங்கிய ஏழு வயதுப் பிள்ளை, நேற்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாள். பெற்ற வயிறு எரியாதா?

தகராறு ஒன்பதாவது புதிரில். 'நம் பக்கத்து வழக்கப்படி, வீட்டில் "மூணு" என்று கூப்பிடப்படும் பிள்ளைக்கு அண்ணன், அக்கா எத்தனை பேர்?' மியென் எழுதிய விடை: யாருமில்லை.

"இதுல என்ன தப்பு? என் பொண்ணையே வீட்டுல மூணுன்னுதான் கூப்பிடறோம். அவதான் தலைச்சன். ஒரே பொண்ணு. அவளுக்கு மேல யாரு இருக்கா, நீங்களே சொல்லுங்க."

லுவா பதில் சொல்ல வாயெடுத்தாள். தோவா விடவில்லை. வடக்கேயிருந்து வந்த ஹனோய்க்காரி என்றால் இந்த ஊரில் அவ்வளவு இளக்காரமா என்று கேட்டாள். தெற்கே இந்த மீகாங் ஆற்றுப் பக்கம் மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றாலும், இங்கத்திய வழக்கமெல்லாம் தனக்கு அத்துப்படி என்றாள்.

"என் வீட்டுக்காரர் இதே தெக்குப் பக்கம் கா மாவ் ஊர்ல பிறந்து வளர்ந்தவர், டீச்சர். குழந்தையைக் கையில வாங்கினதும் 'என் மூணு'ன்னு கூப்பிட்டதே அவர்தான். தெக்கே தலைச்சனை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், எண்ணிக்கை மூணுலதான் ஆரம்பிக்கும்னு சொன்னார். அவரைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமோ?"

லுவாவுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளைகள் முன்னால் ஒருத்தி எவ்வளவுதான் பேச்சு வாங்குவாள்? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதுங்க வாயாலேயே கேளுங்க," என்றவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "வீட்டுக்கு மூத்த பிள்ளைங்க எல்லாம் கையைத் தூக்குங்க."

பதினொரு கைகள் உயர்ந்தன.

"உங்களை வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ரெண்டு," என்றன பதினொரு குரல்களும்.

"கேட்டீங்களா? தலைச்சனை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. அது வரைக்கும் உங்க வீட்டுக்காரர் சொன்னது சரி. ஆனா ஆரம்பம் ரெண்டுலதான். மூணுன்னா அடுத்த பிள்ளை. கா மாவ்லயும் இதேதான், எங்கம்மா ஊரே அதுதான்."

தோவாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் லுவாவுக்குக் கோபம் இறங்கிவிட்டது. பாவம், நாலு பேர் முன்னால் அவமானமாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி விடுங்கக்கா. பெரியவங்க தப்பாச் சொல்லிக் கொடுத்தா குழந்தை என்ன பண்ணும்? அந்த மார்க்கைப் போட்டுடறேன். மியென் குழுவுல இருக்கட்டும்," என்று பேனாவைத் திறந்தாள்.

"குழுவுல சேர்த்துக்குங்க. ஆனா அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்காதீங்க, டீச்சர். நீங்க போட்டது சரிதான்."

தோவா செல்போனை எடுத்துக் கணவனை அழைத்தாள். வெளியே போய்ப் பேச வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நம்ம பொண்ணு மூணுன்னா, உங்க ரெண்டு எங்கே இருக்கு?"