காணாமல் போன நாலு பஃப்

“வெள்ளிக்கிழமை நூத்தி இருபத்தாறு. இன்னிக்கு நூத்தி இருபத்திரண்டு. நாலு எங்கடி போச்சு?”

ஞாயிற்றுக்கிழமை காலை. பல்கூட விளக்காமல் நின்ற மகளின் முகத்துக்கு நேரே நீல இன்ஹேலரை நீட்டினாள் அம்மா. மூச்சிழுப்பு வந்தால் மட்டும் அடிக்கிற மருந்து. அதன் முதுகில் ஒரு குட்டி ஜன்னல். ஒரு தடவை அழுத்தினால் ஒரு பஃப் மருந்து வரும், ஜன்னலில் ஒரு எண் குறையும்.

அம்மாவுக்குக் கிடங்கில் சரக்கு இருப்பு பார்க்கும் வேலை. அங்கே ஒரு பெட்டி குறைந்தாலே அன்றைக்குத் தூக்கம் வராது. இங்கே குறைந்திருப்பது மகளின் மூச்சாயிற்றே!

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள் சிட்டு. பன்னிரண்டு வயது.

“எனக்குத் தெரியாம இழுப்பு வந்துச்சா?”

“சத்தியமா இல்லம்மா.”

“அப்ப அதுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?”



இன்னும் பத்து நாளில் பள்ளியிலிருந்து மலை முகாம், நாலு நாள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். சிட்டு இதற்காக ஆறு மாதமாகத் தவம் கிடக்கிறாள். வாராவாரம் தலையணை உறையைத் தானே வெந்நீரில் அலசினாள். பஞ்சு பொம்மைகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாள். தினமும் இழுக்க வேண்டிய பழுப்பு இன்ஹேலரை ஒருவேளைகூட விட்டதில்லை. டாக்டரே “தாராளமா போகட்டும்” என்று சொல்லிவிட்டார். இப்போது பார்த்து இந்த நாலு!

அம்மாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்லிக்கொண்டே குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அம்மாவின் உயிர் அவளிடம் இல்லை. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்து வருகிறாள்.

கதவு திறந்தது. பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்த அப்பா, ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகச் செருப்பைக் கழற்றினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“காலங்காத்தால விசாரணை ஆரம்பிச்சாச்சா?”

அவர் பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அடுத்த மாதத்திலிருந்து பெயிண்ட் அறைக்கு அவர்தான் தலைமை. அந்த நெடி மகளுக்கு ஆகாது என்று, பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். மகள் என்றால் அவருக்கு அப்படி ஓர் உயிர்.

“ஏங்க, உங்க பொண்ணு இழுப்பை மறைக்கிறா.”

“அது உங்க வீட்டுச் சீதனம். எங்க பரம்பரையில இழுப்புன்னா என்னன்னே தெரியாது. எங்கப்பா எழுபது வயசுலயும் மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டுவாரு.”

ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. வேறு நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள்.

“சரி விடு. முகாமுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடு. இது வீட்டுலயே கெடக்கட்டும்” என்றார் அப்பா.

“இன்ஹேலரா பிரச்சினை? அத்துவான மலையில இவ வாயத் தொறந்து சொல்லலேன்னா யாருக்குங்க தெரியும்?”

அம்மா அலமாரியிலிருந்து மூச்சை அளக்கும் ஊதுகுழாயை எடுத்து வந்தாள். “ஊது.”

சிட்டு நிமிர்ந்து நின்று ஊதினாள். முள் முந்நூற்றுப் பத்தில் நின்றது. மறுபடி ஊதினாள். முந்நூற்று இருபது. அதுதான் அவளுடைய நல்ல நாள் கணக்கு.

“நெஞ்சு சுத்தமா இருக்கே!” அம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே சந்தேகமும். “அப்ப அந்த நாலு?”

“வெளையாட்டுக்கு அடிச்சேன். காத்துல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். மருந்தின் அருமை தெரிந்த பிள்ளை இவள். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

“பொய் சொல்ற புள்ளைய நம்பி நான் எப்படி மலைக்கு அனுப்புவேன்? உண்மையச் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா முகாம் கெடையாது.”

சிட்டுவின் கண் நிறைந்து வழிந்தது.

“சரிம்மா. போகல.”

ஆறு மாதத் தவத்தை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அப்படி என்ன மறைக்கிறாள் இந்தப் பெண்?

“பாவம், அனுப்பிடேன்” என்றார் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல்.

“நீங்க பேசாதீங்க!” அவளுடைய ஆற்றாமை அவர்மேல் பாய்ந்தது. “பரம்பரை பரம்பரைன்னு பீத்திக்கிறீங்கல்ல? இந்தாங்க, ஊதுங்க. நல்ல நெஞ்சுன்னா எப்படி இருக்கும்னு அவளும் பாக்கட்டும்.”

“நான் ஊதினா முள்ளு தெறிச்சு ஓடிடும்டி” என்று சிரித்தார். கை மட்டும் நீளவில்லை.

“ஓடட்டும். ஊதுங்க.”

வேறு வழியில்லாமல் அவர் குழாயை வாங்கி வாயருகே கொண்டு போனார். அதுவரை அசையாமல் நின்ற சிட்டு, பாய்ந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வேணாம்மா, அப்பாவ ஊதச் சொல்லாத! நேத்து நாலு அடிச்ச பெறகும் அவருக்கு இருநூறைத் தாண்டல.”