மூன்றாவது உதை

கதவு நிலையில் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தான்.

வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய பெண்கள் தங்கும் இல்லம் அது. எட்டு அறைகள். எட்டுக்கும் உள்பக்கமாகப் புதுத் தாழ்ப்பாள் போட வேண்டும். நல்ல ஆசாரி என்று யாரோ சொல்லி, காப்பாளர் அமலா அவனைக் கூப்பிட்டிருந்தார்.

நல்ல ஆசாரிதான். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

மூன்றாவது அறையில் அமலா வந்து நின்று பார்த்தார்.

"எதுக்குண்ணே இவ்ளோ நீள ஸ்க்ரூ?"

அவன் நிமிரவில்லை. தொழில் சுத்தமாகச் சொன்னான்.

"தாழ்ப்பாள் உடையாது மேடம். நிலையில இருக்கிற வளையந்தான் பேத்துக்கிட்டு வரும். சின்ன ஸ்க்ரூ மூணாவது உதைக்குத் தாங்காது."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

தவளை தன் வாயால்தான் கெடும்.

அமலா ஸ்க்ரூவை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தவள், எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

திருப்புளி கையில் வழுக்கியது.

போன ஆடி மாதம். அவன் வீட்டுக் குளியலறை. உள்ளே அவன் மனைவி. தாழ்ப்பாளை நம்பாமல் தண்ணீர் டிரம்மையும் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

மூன்றாவது உதையில் வளையம் தெறித்தது. டிரம்மும் நகர்ந்தது.

அந்தக் கதவை அவன் இன்றுவரை சரிசெய்யவில்லை. ஊரார் கதவையெல்லாம் சரிசெய்கிறவன். அவள் கதவைத் துணிக்கயிற்றால் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. சாமானைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் இன்னும் ஐந்து கதவுகள் பாக்கி. முடித்தான்.

கிளம்பும்போது அமலா வாசல்வரை வந்தார்.

"பொண்டாட்டிய அடிக்கிறத நிறுத்தணும்னு நினைக்கிற ஆம்பளைங்க உக்காந்து பேசுற கூட்டம் ஒண்ணு, சனிக்கிழமை சாயங்காலம் நடக்குது. நூலக மாடியில. வந்துருங்கண்ணே."

அவன் சாமான் பையைப் பார்த்துத் தலையாட்டினான்.

போகிற வழியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் பேசாமல் வேலையை ஆரம்பித்தான். அதே நீள ஸ்க்ரூ. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டான். மனைவி அடுப்படி வாசலில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போய்ப் போட்டுப் பாரு."

அவள் தயங்கினாள். பிறகு உள்ளே போனாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் விழுந்தது. அவனுக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளே தண்ணீர் டிரம் தரையில் இழுபட்டு வந்து கதவோடு முட்டியது.

தட்டுவதற்கு எடுத்த கையை இறக்கிக்கொண்டான். கதவைவிட்டுத் தள்ளிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.