பொன்னுத்துரையின் பிடிவாதம்

“அவ கை என் மேல படக்கூடாது!”

பொன்னுத்துரை போட்ட சத்தத்தில் ஆண்கள் வார்டே திரும்பிப் பார்த்தது. வெந்நீர்ச் சட்டி தரையில் உருண்டது. ஆயா அன்னக்கிளி நனைந்த சேலையோடு தடுப்புத் திரைக்கு வெளியே வந்து, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

மேட்ரன் ஜூடித் ஓடி வந்தாள். அரவேணுவுக்கு மேலே தேயிலைச் சரிவில் இருந்த அந்த ஆதரவற்றோர் இல்லத்தில் பாதிப் பேர் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனவர்கள். பொன்னுத்துரையும் அப்படித்தான். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தின் கிளை வெட்ட ஏறி விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

“என்ன கண்ணு ஆச்சு? தண்ணி சுட்டுருச்சா?”

“இல்ல சிஸ்டர். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் செஞ்சேன். திரைய இழுத்துவிட்டு, போர்வையப் போத்தி, தொடைக்கட்டுமாய்யான்னு கேட்டேன். சட்டியத் தட்டிவிட்டுட்டாரு.”

நேற்றிலிருந்தே இதே கதைதான். துணி மாற்ற விடவில்லை. ஈரத்திலேயே கிடக்கிறார். ஆறி வந்த படுக்கைப் புண் மறுபடியும் வாய் திறந்துவிடும் போலிருந்தது.

ஜூடித்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆண்கள் பக்கம் வேலை பார்த்த சுடலைமணி நின்றுபோனதிலிருந்து எல்லாவற்றுக்கும் அன்னக்கிளிதான். அவள் வந்து ஊட்டினால்தான் கஞ்சி குடிப்பேன் என்று அடம்பிடித்தவரே இந்தப் பொன்னுத்துரைதான்.

“முந்தாநாள் என்ன நடந்துச்சு? மறைக்காமச் சொல்லு.”

அன்னக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தொடைக்கையில பேசிக்கிட்டிருந்தாரு. நீயும் சிலோனா புள்ளன்னாரு. ஆமாய்யா, அம்மா ஒண்டியா என்னயக் கூட்டிக்கிட்டு வந்துச்சுன்னேன். எந்தத் தோட்டம், எந்த லயம், அம்மா பேரு என்னான்னு கேட்டாரு. அப்புத்தளைப் பக்கம், பணிய லயம், கருப்பம்மாள்னு சொன்னேன். அதோட மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.”

“அதுக்கு எதுக்குக் கோபம்?”

“தோட்டத்துல சாதிக்கொரு வரிசை வீடு, பள்ளத்துல இருக்கறது பணிய லயம். லயத்தச் சொன்னாலே எங்காளுங்களுக்குச் சாதி தெரிஞ்சிரும் சிஸ்டர். பீ மூத்திரம் அள்ளுறப்ப வராத தீட்டு, லயத்தச் சொன்னதும் வந்திருச்சு.”

ஜூடித்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திரையை விலக்கி உள்ளே போனாள்.

“ஏனுங்க, அவ கை உங்களுக்குத் தீட்டுங்களா?”

பொன்னுத்துரை அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு திரைக்கு வெளியே கேட்கிற மாதிரி, “அப்பிடியே வச்சிக்கங்க!” என்றார்.

வெளியே அன்னக்கிளி விம்முவது கேட்டது. கிழவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

இரண்டு பேரை விட்டு அமுக்கிப் பிடித்துக் கழுவிவிடலாம். வேறு இடமாக இருந்தால் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அது அவர்களுடைய உடம்பு, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று ஆயாக்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுத்தவள் ஜூடித். இப்படிப்பட்ட மனிதனுக்கும் அது பொருந்தத்தான் வேண்டுமா?

கடைசியில் வெளியே வந்து, “நீ பொம்பளைங்க வார்டுக்குப் போயிரு கண்ணு. இனி இவரைத் தொட வேண்டாம்” என்றாள்.

“நான் என்ன தப்பு செஞ்சேன் சிஸ்டர்?”

அன்னக்கிளி குனிந்து, தரையில் கொட்டிய தண்ணீரைத் துடைத்தாள். பவுடர் டப்பாவை எடுத்து ஜூடித்தின் கையில் கொடுத்தாள்.

“எடது தோளுல அவருக்கு வலி இருக்கு. பாத்துத் திருப்புங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஜூடித் தானே வெந்நீர் கொண்டுவந்தாள். “நான் தொடைக்கட்டுங்களா?” என்று கேட்டாள். பொன்னுத்துரை தலையசைத்தார்.

அவள் திரையை இழுத்துவிட்டாள். ஈரத் துணியை உருவி, அழுக்கைத் துடைத்து, புண்ணைச் சுற்றி ஒற்றியெடுத்தாள். கையில் பதமிருந்தது, மனதில் இல்லை. நிமிர்ந்தபோது கிழவரின் கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையை நனைத்திருந்தது.

“வலிக்குதுங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினார். “அந்தப் புள்ள போயிருச்சா?”

“போயிட்டா. அழுதுட்டே போனா. இப்பத் திருப்திங்களா?”

“இனி இந்தப் பக்கம் வராதுல்ல?”

“வராது.”

பொன்னுத்துரை ஒரு பெருமூச்சு விட்டார். ஜூடித்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சாதி பாக்குற பயன்னே அது என்னய நெனச்சிக்கிட்டுப் போகட்டும், சிஸ்டர். தொட்டில்ல விட்டுட்டு ஓடுன அப்பன் பீய, பெத்த மக அள்ளக்கூடாது.”