வேலி தாண்டிய முல்லை

"குச்சி எல்லாம் தர முடியாது. வேற எங்கியாவது கேட்டுக்கோ."

சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் உள்ளே போய்விட்டார். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், நீட்டிய கையோடு நின்றாள் தேவிப்ரியா.

அவளுக்கு மூன்றாம் மாதம். சோறு கொதித்தால் குமட்டும். சோப்பு வாசம் குமட்டும். சாயங்காலம் கன்னியம்மாள் வீட்டு முல்லை விரியும்போது மட்டும் வயிறு அடங்கும். ஜன்னலில் மலை நீலமாகி, மெல்லக் கரைந்து, எங்கோ மிதந்து போவதுபோல் இருக்கும். அப்படியே தூங்கிவிடுவாள்.

காற்று திசை மாறினால் அந்தத் தூக்கமும் இல்லை. அதனால்தான் ஜன்னலடியில் வைக்க ஒரு குச்சி கேட்டாள்.

"தரலையா? சரியான கஞ்சம்!" என்றார் மாமியார் எல்லம்மாள். "திருடி நட்டாதான் கொடி பிடிக்கும். அவ ஊர்ல இல்லாதப்ப ஒடிச்சுக்க."

"போங்க அத்தை, அசிங்கமா இருக்கு."

ஆனாலும் ஒரு பௌர்ணமியன்று, கன்னியம்மாள் கிரிவலம் போயிருந்தபோது ஒடித்தாள். நட்ட குச்சி ஒரே வாரத்தில் கருகியது.

பிறகுதான் அதைப் பார்த்தாள். முல்லையின் ஒரு கிளை வேலிக்கு அடியில் நுழைந்து, புல்லுக்குள் புகுந்து, ஜன்னலை நோக்கி வந்துகொண்டிருந்தது. நாளுக்கொரு இலை. தேவிப்ரியா யாரிடமும் சொல்லவில்லை. வாசனை தன்னைத் தேடி வருவதாக நினைத்துக்கொண்டாள்.

நாற்பது நாள் போயிருக்கும். காலையில் ஜன்னலைத் திறந்தவள் திடுக்கிட்டாள். வேலியோரம் குனிந்து, அந்தக் கிளையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார் கன்னியம்மாள்.

ஓடினாள்.

"ஏன் பெரியம்மா, தானா வந்ததுகூடப் பொறுக்கலையா உங்களுக்கு? இந்தாங்க, இதையும் நீங்களே வெச்சுக்கோங்க!"

அறுபட்ட கொடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"ஐயோ, இழுக்காதடி! இப்பத்தான் வேர் விட்டிருக்கு!"

புல்லை விலக்கினாள் தேவிப்ரியா. கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, மேலே செங்கல் துண்டு வைத்திருந்தது. ஈர மண். அதற்குள் நூல் நூலாக வெள்ளை வேர்.

"பதியம் போட்டிருந்தேன். வேர் பிடிச்சதும் தாய்க்கொடியிலேர்ந்து அறுத்துடணும். இனிமே அது தனியா பொழைச்சுக்கும், உன்னுது."

"ஒரு குச்சி கேட்டதுக்கு அப்படி மூஞ்சில அடிச்சீங்களே?"

கன்னியம்மாள் அவளுக்குப் பின்னால் இருந்த வாசலை ஒரு முறை பார்த்தார். குரல் இறங்கியது.

"புருஷன் இல்லாதவ கையால என் மருமகளுக்கு எதுவும் குடுக்காதீங்கன்னு உன் மாமியார் வந்து சொல்லிட்டுப் போனாங்க. அதான்மா, கொடியையே நடக்க விட்டேன்."