பதினோரு கையெழுத்து

“வாசல்ல படகு வந்து நின்னுச்சு சார். அதுல ஏத்தித்தான் மாமியார வெளிய இட்டுனு வந்தோம்” என்றாள் முத்தம்மா.

சீனிவாசராகவனுக்குப் புல்லரித்தது. “பார்கவி, நோட் பண்ணிண்டியா? படகு! வாசல்லயே படகு!” திட்ட மேலாளர் பார்கவி தன் முதலாளி இப்படிச் சிலிர்த்து மூன்று வருடத்தில் பார்த்ததில்லை.

சிலிர்க்காமல் என்ன செய்வார்? தமிழ்நாட்டுக் கரையில் இருக்கும் நல்லாங்குப்பத்துக்காக, பெங்களூர் ஜெயநகரில் உட்கார்ந்தபடியே அவர் தீட்டிய முந்நூறு பக்கக் கடலோர மேலாண்மைத் திட்டம் டில்லி மேலிடத்திலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ‘எல்லாம் அருமை. ஊர் மக்களைக் கேட்டீர்களா?’ என்று ஒரே ஒரு வரி. இன்று மாலை நான்கு மணிக்குள் மக்களின் கையெழுத்து போய்ச் சேராவிட்டால் திட்டம் வேறொரு நிறுவனத்தின் மடியில் விழுந்துவிடும்.

ஊருக்கே போய்க் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அங்கே புரொஜெக்டர் வைக்க இடமில்லை, அவருக்கு வெயிலும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மக்களையே ஒரு வேன் வைத்து வரச் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்குப் பார்கவி கீழே ஓடி, கேட் ஓரம் மனுவும் கையுமாக நின்ற பதினோரு பேரை, “தண்ணி பிரச்சினைக்கு வந்தவங்கதானே?” என்று கேட்டு மேலே அழைத்து வந்துவிட்டாள்.

ஏசி குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தட்டிலிருந்த கேசரி பாத்தை முடித்தாள் முத்தம்மா. “இத்தினி நாள்ல ஒருத்தரும் ஒக்கார வச்சிக் கேட்டதில்ல சார்.”

“அதுக்குத்தான் நான் இருக்கேன். தண்ணி எப்போல்லாம் உள்ளே வரும்மா?”

“மழ பேஞ்சா போதும் சார். முட்டிக்கு வந்துரும்.”

‘பருவகாலக் கடல்மட்ட உயர்வு’ என்று திருத்திச் சொல்லி எழுத வைத்தார் சீனிவாசராகவன். மக்கள் சொல்வதை மக்கள் சொல்கிற மாதிரியே எழுதினால் பிறகு நிபுணர் எதற்கு?

முத்தம்மாவின் பக்கத்திலிருந்த பெரியவர் பச்சைமுத்து தொண்டையைச் செருமினார். “தண்ணி போற வாயெல்லாம் மண்ணு மூடிக் கெடக்குது சார். அது மேலயே பெரிய ஆளுங்க பில்டிங் கட்டிக்கினாங்க. கேக்கப் போனா நாங்கதான் எடத்தப் புடிச்சிக்கினோம்னு எங்க மேலயே திருப்புறாங்க.”

‘முகத்துவாரம் தூர்ந்துள்ளது. சொகுசு விடுதிகளின் ஆக்கிரமிப்பு.’ பார்கவியின் விரல்கள் பறந்தன.

திரையில் வரைபடம் விரிந்தது. பச்சைமுத்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இன்னா சார், தண்ணிக்குப் போயி நீலக் கலர் குட்துக்கிறீங்க? எங்களாண்ட வர்றது கறுப்பு!”

பதினோரு பேரும் சிரித்தார்கள். சீனிவாசராகவனும் மக்களோடு மக்களாகச் சிரித்தார், பார்கவி அதைப் படமெடுக்கும் வரை. பிறகு, ‘எண்ணெய்க் கசிவு’ என்றார்.

அடுத்த நாற்பது நிமிடம் அவர் பேசினார். அந்தப் பேச்சில் தமிழ் என்று இருந்தது ‘ஆகவே’ மட்டும்தான். பின்வரிசையில் இருவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்கள். ‘ஆழ்ந்த கவனிப்பு’ என்று அதுவும் குறிப்பில் ஏறியது.

மூன்றரைக்குப் படிவம் வந்தது. ஊர்ப்பெயரைப் பார்கவி முன்கூட்டியே இங்கிலீஷில் அடித்து வைத்திருந்தாள். மக்களுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாதே! பேனாவை வாங்கிய முத்தம்மா தயங்கினாள்.

“இதுல இன்னா சார் எழுதிக்கீது?”

சீனிவாசராகவன் கடிகாரத்தைப் பார்த்தார். “நீங்க சொன்னதேதாம்மா. இங்கிலீஷ்ல இருக்கு, அவ்வளவுதான்.”

“கையெழுத்து போட்டா வேல நடக்குமா? போட்டுப் போட்டு எங்களுக்குக் கைதான் தேஞ்சிச்சு.”

“இது டில்லிக்கே போறதும்மா!”

“டில்லியா?” முத்தம்மா பெரியவரைத் திரும்பிப் பார்த்தாள். “மாமா, நம்ம பஞ்சாயத்து டில்லி வரைக்கும் போவுதாம்!”

“போட்றீ, யோசிக்கிறா பாரு” என்றார் பச்சைமுத்து. “இந்த சாரு கேட்ட மாதிரி எவன் கேட்டான்?”

பதினோரு கையெழுத்தும் விழுந்தன. மூன்று ஐம்பதுக்குத் திட்டம், படம், கையெழுத்து எல்லாம் ஒரே அழுத்தில் பறந்தன. மூன்று ஐம்பத்தாறுக்கு, முந்நூறு பக்கத்தையும் கரைத்துக் குடித்துவிட்ட வேகத்தில் மேலிடத்துப் பதில் வந்தது: ‘ஏற்கப்பட்டது. உள்ளூர் மக்கள் பங்கேற்புக்கு இது ஒரு முன்மாதிரி. எல்லா மாநிலங்களுக்கும் அனுப்புகிறோம்.’

சீனிவாசராகவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். பிறகு எழுந்துபோய், வாழ்க்கையில் முதல் தடவையாக, பயனாளி ஒருவரின் கையைத் தானாகவே பிடித்துக் குலுக்கினார்.

“உங்களையெல்லாம் ரொம்ப தூரம் அலைய வச்சுட்டேன்” என்றார். “பார்கவி, இவங்களைப் பத்திரமா ஊர் கொண்டு சேர்க்கணும். வேனைக் கூப்பிடு.”

முத்தம்மா கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டாள்.

“வேன் எதுக்கு சார்? இதே பெங்களூர்ல கீற பொம்மனஹள்ளிக்குத்தான் மெட்ரோ வந்துருச்சே!”