கையால் கீறிய மண்டபம்

பேசாலையில், வலை பொத்துவோர் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே தலைவர் பஸ்ரியன். அலுமாரியோரம் பொருளாளர் றோஸ்மேரி. கதிரை போதாததால் ஐஸ் பெட்டியின் மேல் மில்ரன். வாசற்படியில், என்னை ஸ்கூட்டியில் ஏற்றிவந்த என் மகள் சுவேதினி. மேசைத் தலைப்பில், காதில் பென்சிலும் விரலெல்லாம் கரியுமாகச் செயலாளராகிய நான்.

வெயிலில் குந்தியிருந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறவர்களுக்கு ஒரு மண்டபம் வேண்டும். கட்டித்தர வெளிநாட்டு நிறுவனமொன்று முன்வந்திருந்தது. வரைபடம் அன்றைய தபாலிலேயே போகவேண்டும். தவறினால் இன்னொரு வருடமும் வெயில்தான்.

முதலில் மில்ரன் தன் வரைபடத்தை விரித்தான். "ஏஐயிட்டைச் சொல்லிக் கீறுவிச்சனான்," என்று உண்மையைச் சொன்னதுதான் அவன் விட்ட பிழை.

"அது எங்கடை கடலைக் கண்டதோ? சோளகக் காத்திலை மண் திண்டதோ?" பஸ்ரியன் அதைச் சுருட்டி அவனிடமே நீட்டினார். "மெசின் கீறின கொட்டிலுக்குள்ளை நான் வந்து இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்!"

அடுத்து நான் என்னுடையதை விரித்தேன். கட்டத்தாளில் பென்சில் கோடுகள். அழித்துத் திருத்திய அடையாளங்கள்கூட இருந்தன.

"இதல்லோ வேலை! கை நடுங்கினதுகூடத் தெரியுது. கனக்க மினக்கெட்டிருப்பியள், என்ன?"

"அது கிடக்கட்டும் தலைவர்," என்றேன் பணிவாக. வாசலில் சுவேதினி இருமினாள்.

பஸ்ரியன் கூரையில் விரலை வைத்தார். "இந்தப் புகைக்கூடு என்னத்துக்கு?"

அதை அப்போதுதான் நானும் கவனித்தேன். "காத்து... கீழாலை வந்து மேலாலை போறதுக்கு."

"சுவரோடை அடுப்பும் கிடக்கு. பனி கொட்டேக்கை குளிர்காயவோ?" என்றான் மில்ரன்.

"தேத்தண்ணி வைக்க!" என்றேன்.

"பாத்தியே மூளையை!" பஸ்ரியன் மேசையில் தட்டினார். சுவேதினிக்கு இருமல் கூடியது. என் வரைபடம் ஏகமனதாகத் தெரிவாயிற்று.

உடனே கடிதம் எழுதத் தொடங்கினேன். கடிதமென்றால் ஊரில் என்னை விட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம். 'ஊராரின் துயரைத் தம் நெஞ்சில் ஏந்தி, எமது செயலாளர் கண்விழித்து வரைந்த' என்று என்னைப் பற்றி நானே எழுதி இரண்டாம் பந்திக்கு வந்தபோது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த றோஸ்மேரி நிமிர்ந்தாள்.

"ஐயோ, பொறுங்கோ அண்ணை! அந்த நிறுவனத்தின்ரை அறிவித்தலிலை கடைசியாய் ஒண்டு போட்டிருக்கினம். ஏஐயைக் கொண்டு கீறின பிளானுக்குத்தானாம் உதவி."

மில்ரன் மெல்லத் தன் சுருளை விரித்தான். "அப்ப என்ரையை..."

"நீ இரடா," என்றார் பஸ்ரியன். "பிளான் செயலாளரின்ரைதான். பேரை மட்டும் மெசினுக்குக் குடுப்பம்." பிறகு, செத்தவீட்டுக்கு வந்தவர்போல என் தோளில் கை வைத்தார். "ஊருக்காக ஒரு பொய் எழுதுங்கோ. உங்களுக்கு வேதனைதான், எனக்கு விளங்குது."

புதுத்தாள் எடுத்தேன். நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டேன். 'இவ்வரைபடம் முற்றுமுழுதாகச் செயற்கை நுண்ணறிவின் ஆக்கமாகும்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

"மாதா மன்னிப்பா அண்ணை," என்று றோஸ்மேரி கண்ணைத் துடைத்தாள். மில்ரன்கூட எழும்பி நின்றான்.

வரைபடத்தையும் கடிதத்தையும் உறையிலிட்டு ஒட்டினேன். தபாற்கந்தோரில் கொடுத்துவிட்டு வந்து ஸ்கூட்டியில் ஏறியதும், சுவேதினி அதுவரை அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் வெடித்தது.

"என்ரை போனிலை ஏஐ கீறினதைப் பாத்துத்தானே அப்பா கீறினியள், பிறகேன் அந்தப் பெருமூச்சு?"